மிஞ்சிய கான்கிரீட்டும் மறைந்த கோடும்

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ரயிலிலோ படகிலோ போகிறவர்கள் கண்ணில் ஒரு குட்டையான கான்கிரீட் அறை அடிக்கடி படும். ஆற்றங்கரையில், பாலத்தின் அடியில், சில இடங்களில் கோதுமை வயலின் நட்ட நடுவில் நிற்கும். ஆறு பக்கச் சுவர்கள், தட்டையான கூரை, ஜன்னலுக்குப் பதில் குறுகலான துளைகள். மேலே கொடி படர்ந்திருக்கும். உள்ளே ஆட்டுப் புழுக்கையும் பழைய உரச்சாக்குகளும் கிடக்கும். அங்கே இதை பில்பாக்ஸ் என்கிறார்கள். 1940 கோடையில் ஜெர்மன் படை எந்த நாளும் கடல் தாண்டி வந்துவிடலாம் என்ற அச்சம் இருந்தபோது, உள்ளே நின்று இயந்திரத் துப்பாக்கியால் சுடுவதற்காகக் கட்டப்பட்டவை இவை. பில்பாக்ஸும் அதுபோன்ற மற்ற உறுதியான அரண்களுமாகச் சேர்த்து, பிரிட்டனில் சுமார் 28,000 கட்டப்பட்டன என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 6,500. நாலில் மூன்று பங்குக்கு மேல் போய்விட்டது என்ற கணக்கே கவலைக்குரியதுதான். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் மிஞ்சிய கால் பங்கில் இருக்கிறது. நிற்பவற்றை மட்டும் பார்த்து அந்தக் கோடையின் பாதுகாப்பை நாம் மனத்தில் வரைந்துகொண்டால், அந்தப் படம் ஏறக்குறைய முழுவதும் தப்பாகிவிடும்.

முதலில் அந்த அவசரம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 1940 மே 26 முதல் ஜூன் 4 வரை டன்கர்க் கடற்கரையிலிருந்து 3,38,000 படைவீரர்கள் கப்பலிலும் படகிலும் மீட்கப்பட்டார்கள். ஆட்கள் திரும்பினார்கள், ஆயுதங்கள் திரும்பவில்லை. சுமார் 2,500 பீரங்கிகளும் 60,000-க்கும் மேற்பட்ட வாகனங்களும் பிரான்சிலேயே நின்றுவிட்டன. ஜூன் 22-ல் பிரான்ஸ் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. அந்த மாதம் முடிவதற்குள் பிரிட்டிஷ் முடியாட்சிக்குச் சொந்தமான சேனல் தீவுகளில் ஜெர்மானியர் இறங்கிவிட்டார்கள். இந்த நிலையில் உள்நாட்டுப் படைகளுக்குத் தலைமைத் தளபதியாக மே 27-ல் பொறுப்பேற்றவர் ஜெனரல் எட்மண்ட் ஐயன்சைட். அவர் கையில் காலாட்படை இருந்தது, ஆனால் அதை ஏற்றிப்போகப் போதுமான வண்டிகள் இல்லை; எதிரியின் டாங்கிகளை நிறுத்தப் போதுமான டாங்கிகளோ பீரங்கிகளோ இல்லை. வேகமாக நகர முடியாத படையை வைத்துக்கொண்டு, வேகமாக நகரும் படையைத் தடுத்தாக வேண்டும். கடற்கரையில் மெல்லிய முதல் தடுப்பு, அதைத் தாண்டி உள்ளே வந்தால் வழிமறிக்கும் தடுப்புக் கோடுகள், கடைசியாக லண்டனையும் தொழில் நகரங்களையும் காக்கும் தலைமையகக் கோடு என்ற அவரது திட்டம் அந்த நெருக்கடியில் பிறந்தது.

இந்தத் திட்டத்தின் உயிர் கான்கிரீட்டில் இல்லை, தண்ணீரில் இருந்தது. டாங்கிக்கு ஆறு தடை, கால்வாய் தடை, செங்குத்தான ரயில்பாதைக் கரையும் தடை. ஏற்கெனவே நிலத்தில் இருக்கும் தடைகளை ஒன்றோடொன்று இணைத்து, இடையில் தடையில்லாத திறந்த வெளி வந்தால் அங்கே மட்டும் அகழி வெட்டுவது என்பதுதான் யோசனை. தலைமையகக் கோடு மேற்கே பிரிஸ்டல் பக்கத்திலிருந்து கென்னட் ஏவன் கால்வாயைப் பிடித்துக்கொண்டு ரெடிங் வரை வந்தது. பிறகு லண்டனுக்குத் தெற்கே வளைந்து, மெட்வே ஆற்றைத் தொட்டு, தேம்ஸைத் தாண்டி எசெக்ஸ் வழியாகக் கேம்பிரிட்ஜ் நோக்கி வடக்கே ஏறியது. தென்மேற்கில் டான்டன் தடுப்புக் கோடு ஆங்கிலக் கால்வாய்க் கரையிலிருந்து பிரிஸ்டல் கால்வாய்க் கரை வரை சுமார் 80 கிலோமீட்டர் ஓடியது. ஆக்ஸ் ஆறு, கிளை ரயில்பாதை, பழைய படகுக் கால்வாய் என்று கிடைத்ததையெல்லாம் கோர்த்துக்கொண்டே போன கோடு அது. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலக்கரி ஏற்றிப்போக வெட்டிய கால்வாய்கள் 1940-ல் கோட்டை அகழிகள் ஆயின. இந்தத் திட்டத்தில் பில்பாக்ஸ் என்பது அந்தத் தடையைக் காவல் காக்கும் ஒரு சுடுமிடம் மட்டுமே. தடையிலிருந்து பிரித்துவிட்டால் அதற்குத் தனியாக எந்த அர்த்தமும் கிடையாது.

அந்தச் சுடுமிடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். போர் அமைச்சகத்தின் அரண் அமைப்புப் பிரிவு ஜூன் முதல் சில மாதிரி வரைபடங்களை வெளியிட்டது. அவற்றுக்குப் பெயர் இல்லை, எண்தான்: 22, 23, 24 என்று வரிசையாக. அதிகம் கட்டப்பட்டது 24-ஆம் மாதிரி. அறுகோணம்தான், ஆனால் ஒழுங்கற்ற அறுகோணம். வாசல் உள்ள பின்சுவர் மட்டும் மற்றவற்றைவிட நீளம். அந்தச் சுவரில் வாசலுக்கு இருபுறமும் சின்னத் துளை, மற்ற ஐந்து சுவர்களிலும் ஒவ்வொரு சுடுதுளை. உள்ளே நடுவில் ஆங்கில ஒய் எழுத்துப் போல ஒரு குறுக்குச் சுவர் நிற்கும். துளை வழியாக உள்ளே வந்த குண்டு சுவரில் பட்டுத் தெறித்து எல்லோரையும் தாக்காமல் இருக்க அது. கூரையைத் தாங்குவதும் அதுவே. ஓர் அடி கனச் சுவர் துப்பாக்கிக் குண்டைத் தாங்கும்; மூன்று அடிக்கு மேல் கனமாகப் போட்டவை பீரங்கிக் குண்டுக்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்துக் கட்டட ஒப்பந்தக்காரர்கள்தான் இவற்றைக் கட்டினார்கள். சென்ட்ரிங் போட்ட பலகையின் மரவரிகள் இன்றும் சுவரில் அப்படியே பதிந்திருக்கும். பலகை கிடைக்காத இடங்களில் செங்கல்லை உள்ளும் புறமும் கட்டி, நடுவில் கான்கிரீட்டை ஊற்றி, செங்கல்லை அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால்தான் ஒரே மாதிரி எண் கொண்ட இரண்டு பில்பாக்ஸ்கள் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களில் வேறு வேறு கட்டடங்கள் போலத் தெரிகின்றன. அடுக்கி வைத்த பலகைகளின் அகலத்தையும் செங்கல்லின் நிறத்தையும் பார்த்தே, எந்தெந்த பில்பாக்ஸ்களை ஒரே ஆட்கள் கட்டியிருப்பார்கள் என்று ஊகிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் இது அந்தப் பாதுகாப்பின் ஒரு பகுதிதான், அதுவும் சிறிய பகுதி. சுற்றிலும் இருந்தவற்றைப் பட்டியல் போட்டால் தலை சுற்றும். இயந்திரங்களைக் கொண்டு தோண்டிய டாங்கித் தடுப்பு அகழி பொதுவாக 18 அடி அகலமும் 11 அடி ஆழமும் இருக்கும். அது வயல்களைக் குறுக்கே பிளந்துகொண்டு போயிற்று. ஐந்தடிக் கான்கிரீட் கனசதுரங்கள் வரிசையாக நின்றன. சாலையில் குழிகள் வெட்டி, கொண்டை ஊசி போல வளைத்த தண்டவாளங்களை அவற்றில் செருகி வழியை மூடினார்கள். வண்டி போக வேண்டிய நேரத்தில் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுக் குழிக்கு மூடி போட்டார்கள். பாலங்களில் வெடிமருந்து வைக்க அறைகள் தயார் செய்யப்பட்டன. பில்பாக்ஸைச் சுற்றி முள்கம்பிச் சுருள்களும், அதன் பின்னால் காலாட்படைக்கு வளைந்து வளைந்து போகும் பதுங்குகுழிகளும் இருந்தன. கிளைடர் விமானம் இறங்கிவிடாமல் இருக்கப் பெரிய புல்வெளிகளில் பள்ளம் வெட்டினார்கள், கம்பம் நட்டார்கள், பழைய கார்களைக்கூடக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 1941 முதல் ஊர்க்காவல் படையினரின் சிறு குண்டெறி பீரங்கிக்கு இருக்கை செய்தார்கள்: ஒரு குழி, அதன் நடுவே மார்பளவு கான்கிரீட் உருளை, அதன் தலையில் துருப்பிடிக்காத எஃகு முளை. குழி மூடிப்போய், உருளையின் தலை மட்டும் புல்லுக்குள் தெரியும் இடங்களில் அந்த முளை இன்றும் பளபளப்பது உண்டு. முளைக்கு எஃகு நன்றாகப் போட்டவர்கள், கணக்கைக் காகிதத்தில் அவ்வளவு நன்றாக எழுதி வைக்கவில்லை.

மறைப்பு வேலையையும் இதில் சேர்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பில்பாக்ஸை விமானி எளிதாகக் குறிபார்த்துவிடுவான். ஆகவே ஓவியர்களும் நாடக அரங்க வடிவமைப்பாளர்களும் உருமறைப்பு அதிகாரிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். லண்டன் நாடக மேடைகளுக்குக் காட்சி அமைத்துப் புகழ்பெற்ற ஆலிவர் மெசல், சோமர்செட் பகுதியில் பில்பாக்ஸ்களை வைக்கோல் போராகவும் சாலையோரக் கடையாகவும் மாற்றினார். மரச்சட்டம், துணி, வர்ணம், வைக்கோல் எல்லாம் இரண்டு மழைக்காலம் தாங்கியிருந்தால் அதிகம். இன்று நாம் பார்க்கும் மொட்டைக் கான்கிரீட், எதிரி பார்க்கவே கூடாது என்று மூடி வைத்த உள்சட்டை போன்றது. ஒரு வைக்கோல் போருக்குள் இருந்த எலும்புக்கூட்டைப் பார்த்து, 1940-ல் ஊர் எங்கும் சாம்பல் நிறப் பெட்டிகள் நின்றதாக நினைக்கிறோம்.

போர் நகர்ந்து போனதும் இவை எந்த வரிசையில் மறைந்தன என்பதுதான் என் வாதத்துக்கு அடிப்படை. எது அதிகம் இடைஞ்சல் செய்ததோ அது முதலில் போனது. சாலைத் தடைகள் போக்குவரத்தை மறித்தன, எடுத்துவிட்டார்கள். வயலைக் குறுக்கே வெட்டிய அகழியால் விளைச்சல் குறைந்தது. உணவுப் பற்றாக்குறை நாட்டில் அதை மூடாமல் விட முடியாது. தண்டவாளத்தில் இரும்பு இருந்தது, முள்கம்பி மாடுகளின் காலைக் கிழித்தது. பதுங்குகுழி மழையில் தானே சரிந்தது, கலப்பை மீதியை முடித்தது. கடைசியில் யாருக்கும் இடைஞ்சல் செய்யாத, உடைத்தெடுக்க அதிகச் செலவாகும் கான்கிரீட் அறைதான் தப்பியது. அதிலும் வயலின் நடுவில் நின்றதைவிட ஆற்றங்கரையின் உபயோகமில்லாத மூலையில் நின்றது அதிகம் தப்பியது. அதாவது, இன்று நிற்பவை போர்முறையில் முக்கியமானவை என்பதால் நிற்கவில்லை. விவசாயியின் பார்வையில் முக்கியமில்லாதவை என்பதால் நிற்கின்றன. நம் ஊர்க் கமலைக் கிணறுகளில் மாடு இழுத்த சரிவும் வடமும் சாலும் வாய்க்காலும் போய், கல்தூண் இரண்டு மட்டும் நிற்கின்றன அல்லவா? அந்தத் தூண்களை மட்டும் பார்த்த ஒருவர் கமலையை ஏதோ ஒரு நடுகல் என்று எழுதிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்?

இந்தச் சல்லடை இன்னொரு விதத்திலும் நம்மை ஏமாற்றுகிறது. ஒரு தடுப்புக் கோட்டில் பாதுகாப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. எதிரி ஆற்றைக் கடக்க வேண்டிய இடம் பாலம். சாலைகள் கூடும் இடம் சந்தி ஊர். அங்கேதான் பில்பாக்ஸ், சாலைத் தடை, பீரங்கி இருக்கை, கம்பி எல்லாம் நெருக்கமாக அமைக்கப்பட்டன. போருக்குப் பிறகு அகலப்படுத்தப்பட்ட சாலைகளும் மாற்றிக் கட்டப்பட்ட பாலங்களும் அதே இடங்கள்தான். ஆக, எங்கே பாதுகாப்பு மிக வலுவாக இருந்ததோ அங்கே அழிவும் அதிகம். எங்கே அது வெறும் இடைநிரப்பாக இருந்ததோ அங்கே அது பத்திரமாக நிற்கிறது. கென்னட் ஏவன் கால்வாய்க் கரையில் பில்பாக்ஸ்கள் வரிசையாக மிஞ்சியதற்குக் காரணமும் இதுவே. போருக்குப் பின் அந்தக் கால்வாய் பல பகுதிகளில் பராமரிப்பின்றித் தூர்ந்து கிடந்தது. அதன் கரையை யாரும் தேடிப் போகவில்லை. 1990-ல் அது புதுப்பிக்கப்பட்டு முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, விடுமுறைப் படகில் போகிறவர்கள் அவற்றை வரிசையாகப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, தலைமையகக் கோடு என்றால் இவ்வளவுதான் என்று முடிவு கட்டுகிறார்கள்.

உயிர்வேலிகளையும் இங்கே சொல்ல வேண்டும். ஆங்கிலக் கிராமத்து வயல்களைப் பிரித்தது முட்புதர்களும் சிறு மரங்களும் சேர்ந்த அடர்ந்த உயிர்வேலி. வயல் நடுவே தனியாக நிற்பதாக இன்று தெரியும் பல பில்பாக்ஸ்கள், கட்டியபோது அத்தகைய வேலியோடு ஒட்டி, அதன் நிழலில் மறைந்திருந்தவை. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் வசதியாக வேலிகளைப் பெரிய அளவில் பிடுங்கி, சிறு வயல்களை ஒன்றாக்கினார்கள். வேலி போனதும் பில்பாக்ஸ் அம்பலத்துக்கு வந்தது. வெட்டவெளியில் இதைக் கட்டிய முட்டாள் யார் என்று கேட்பவர்கள் உண்டு. கட்டியவர் முட்டாள் இல்லை, நிலம் மாறிவிட்டது.

பார்க்கவே கூடாது என்று கட்டப்பட்டவை வேறு வகை. ஜெர்மன் படை ஒரு பகுதியைப் பிடித்துவிட்டால், அதன் முதுகுக்குப் பின்னால் பாலங்களையும் கிடங்குகளையும் தகர்க்க, உள்ளூர் விவசாயிகளையும் வேட்டைக் காவலர்களையும் கொண்ட சிறு சிறு ரகசியக் குழுக்கள் காலின் கபின்ஸ் என்ற அதிகாரியின் தலைமையில் அமைக்கப்பட்டன. துணைப் பிரிவுகள் என்ற சாதுவான பெயர் அவற்றுக்கு. காட்டுக்குள் மண்ணுக்கடியில், நெளி தகடு வளைத்த கூரையோடு அவர்களுக்கு மறைவிடம் அமைத்தார்கள். மேலே புல்லும் சருகும் மூடிய ரகசியக் கதவு, மறுபுறம் தப்பிப் போகச் சுரங்க வழி. குழுவில் இருந்தவர்கள் ரகசியம் காக்க உறுதிமொழி எடுத்தவர்கள். பலர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. 1944 இறுதியில் குழுக்கள் கலைக்கப்பட்டபின், தகடு துருப்பிடித்துக் கூரை உள்வாங்கி, காட்டில் ஒரு பள்ளம் மட்டும் மிஞ்சுகிறது. தெரியாதவர்களுக்கு அது மழைநீர் தேங்கிய குட்டை.

நிற்பதை நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? வானத்திலிருந்து எடுத்த படங்களை நம்பலாம். போர்க்காலத்திலும் அது முடிந்த சில ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் வான்படை நாடு முழுவதையும் செங்குத்தாகப் படம் பிடித்தது. அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில் அப்போதுதான் மூடிய அகழி வெளிறிய நாடா போல வயல்களைக் கடந்து போவதும், கிளைடர் பள்ளங்கள் புல்வெளியில் கட்டம் கட்டமாகக் கிடப்பதும், கம்பி வேலியைச் சுற்றிக் காலடிப் பாதை வளைந்து போவதும் தெரிகின்றன. இன்றும் வறண்ட கோடையில், மூடிய அகழிக்கு மேல் உள்ள பயிர் மட்டும் பசுமை மாறாமல் நிற்கும். தளர்ந்த ஆழமான மண்ணில் ஈரம் அதிக நாள் தங்குவதே காரணம். லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்நாட்டில் இருந்த படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகள் உள்ளன. எந்தப் பாலத்துக்கு எந்தப் படை, எத்தனை ஆட்கள், எந்த உத்தரவு என்பது அவற்றில் வரும். இந்த மூன்றையும் நிற்கும் கான்கிரீட்டோடு பொருத்திப் பார்க்கும்போதுதான் ஒரு சுடுதுளை ஏன் வெறுமையைப் பார்க்கிறது என்று விளங்குகிறது. அது பார்ப்பது வெறுமையை அன்று. அந்தப் பக்கம் ஓர் அகழியோ சாலைத் தடையோ இருந்தது.

இந்த வேலையைத் தொடங்கியவர்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தவர்கள் என்பது குறிப்பிட வேண்டிய செய்தி. செய்தித்தாள் புகைப்படக்காரரான ஹென்றி வில்ஸ் பல ஆண்டுகள் விவரம் திரட்டி 1985-ல் பில்பாக்ஸ்கள் பற்றிய முதல் விரிவான நூலை வெளியிட்டார். அதற்குப் பத்தாண்டு கழித்து, 1995-ல், பிரிட்டிஷ் தொல்லியல் கழகம் பிரிட்டன் பாதுகாப்புத் திட்டம் என்ற பெயரில் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கியது. சுமார் 600 தன்னார்வலர்கள் ஏறத்தாழ 20,000 இடங்களைப் பதிவு செய்தார்கள். சம்பளமில்லாமல், சேற்றிலும் முட்புதரிலும் நடந்து செய்த அந்த உழைப்புக்கு ஈடு சொல்ல முடியாது. ஆனாலும் தன்னார்வலர் ஒருவர் கண்ணால் கண்டதைத்தானே குறிப்பார்? வரைபடத்தில் விழுந்தவை புள்ளிகள். புள்ளிகளை மறுபடி கோடாக்கும் முயற்சியை அடுத்ததாக வில்லியம் ஃபுட் மேற்கொண்டார். தேர்ந்தெடுத்த 67 பாதுகாப்புப் பகுதிகளை ஆவணம், வான்படம், கள ஆய்வு மூன்றையும் கொண்டு ஆராய்ந்து 2006-ல் நூலாக்கினார். பில்பாக்ஸைத் தனிக் கட்டடமாக எண்ணாமல், ஒரு நிலப்பரப்பின் உறுப்பாக எண்ணும் பார்வை அதோடு உறுதிப்பட்டது என்பேன்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை அற்பமானவை அல்ல. முதல் கேள்வி: ஒரு குண்டுகூடச் சுடாத அரணுக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? ஹிட்லர் 1940 செப்டம்பர் 17-ல் படையெடுப்பைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார். அதற்குக் காரணம் வான்படையும் கடற்படையும், கால்வாய்க் கரைப் பில்பாக்ஸ் இல்லை. உண்மைதான். ஆனால் போர் நடந்த இடத்தை மட்டுமே நினைவில் வைப்பது என்றால், ஒரு சமூகம் எதற்கு அஞ்சியது, அந்த அச்சத்தில் தன் வயலையும் சாலையையும் எப்படிப் பார்த்தது என்பதற்குச் சாட்சியே இல்லாமல் போகும். எந்த ஆற்றை விட்டுக்கொடுக்கலாம், எந்த ஊரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று 1940 ஜூனில் எடுத்த முடிவுகள் மண்ணில் எழுதப்பட்டவை. தடுப்புக் கோட்டுக்கு முன்னால் இருந்த கிராமங்கள் கணக்கில் இழப்புப் பகுதிகள். அந்தக் கோடு எங்கே போயிற்று என்று தெரிந்தால்தான் எந்த ஊர் எந்தப் பக்கம் இருந்தது என்பது தெரியும்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. இந்தத் திட்டமே ஒரு தவறு என்று அந்தக் காலத்துப் படைத்தலைவர்களே சொன்னார்கள். எதிரி நாட்டின் பெரும்பகுதியைப் பிடித்த பிறகுதான் உண்மையான எதிர்ப்பு தொடங்கும் என்று அவர்கள் குறை கண்டார்கள். ஜூலை 19-ல் ஐயன்சைட்டுக்குப் பதிலாக ஆலன் புரூக் நியமிக்கப்பட்டார். பிரான்சில் படை நடத்தி, நிலையான கோடுகள் உடைவதை நேரில் பார்த்தவர் அவர். கான்கிரீட்டில் ஆட்களை அடைப்பதைவிட, பின்னால் நகரும் படையை வைத்து, இறங்கும் எதிரியைக் கடற்கரையிலேயே அடிப்பதை அவர் விரும்பினார். கோடுகளின் முக்கியத்துவம் அத்தோடு சரிந்தது. புரூக் சொன்னது சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் ஜூலைக் கடைசியில் புரூக்குக்குக் கிடைத்த வண்டிகளும் பீரங்கிகளும் ஜூன் தொடக்கத்தில் ஐயன்சைட்டுக்கு இல்லை. வண்டியில்லாத தளபதி ஆற்றை நம்பியதை மடமை என்று சொல்ல முடியாது. அப்படியே தவறு என்று வைத்துக்கொண்டாலும், ஆறு வாரத்தில் ஒரு நாடு தன் நிலப்பரப்பு முழுவதும் எழுதி, பிறகு கைவிட்ட ஒரு திட்டம் வரலாற்றுச் சான்றாகக் குறைந்ததா? வென்ற திட்டங்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்ப ஆட்கள் தானாக வருவார்கள்.

விவசாயிகளின் கேள்வியே எனக்குக் கனமாகப் படுகிறது. தாத்தா காலத்தில் கேட்காமல் வந்து கட்டிவிட்டுப் போன கான்கிரீட்டைச் சுற்றி இன்னும் எத்தனை தலைமுறை உழுவது? கூரை இடிந்து யாராவது காயப்பட்டால் பொறுப்பு யாருடையது? ஆயிரக்கணக்கில் நிற்பதில் ஒன்று போனால் என்ன? இதில் நியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. பிழை வேறு இடத்தில் இருக்கிறது. இதுவரை பாதுகாப்புக்குத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் நல்ல நிலையில் இருப்பது எது, அபூர்வமான மாதிரி எது என்றே பார்த்தார்கள். அருங்காட்சியகப் பொருளுக்கு அது சரியான அளவுகோல். கோட்டுக்குச் சரிவராது. கூரை உடைந்த மூன்று பில்பாக்ஸ், பாதி மூடிய அகழித் தடம், சாலையில் மிஞ்சிய இரண்டு கனசதுரங்கள், அவற்றுக்கிடையே இன்னும் ஓடும் ஆறு என்று ஒரு கிலோமீட்டர் தூரம் சேர்ந்து தப்பியிருந்தால், அது எங்கோ தனியாக நிற்கும் அப்பழுக்கற்ற ஒரு பில்பாக்ஸைவிடப் பத்து மடங்கு பெறும். சர்ரேயில் வேவர்லி அபே என்ற பழைய மடத்தின் இடிபாடுகளைச் சுற்றி வே ஆற்றங்கரையில் அப்படி ஒரு தொகுப்பு மிஞ்சியிருக்கிறது. அத்தகைய இடங்களைக் காப்பாற்றிவிட்டு, தனித்து நிற்பவற்றை முறையாக அளந்து, படமெடுத்து, அதன் பிறகு இடிக்க அனுமதிப்பதில் எனக்குத் தடை இல்லை.

தரவுத்தளம் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. 20,000 புள்ளிகளும் கணினியில் இருந்தாலும், இடிக்க விண்ணப்பம் வரும்போது அதிகாரி பார்ப்பது அந்த ஒரு புள்ளியை மட்டுமே. சட்டத்தின் பார்வையும் விசித்திரமானது. பாழடைந்த பில்பாக்ஸ்களில் வௌவால்கள் குடியேறுகின்றன. இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் சிலவற்றை வேண்டுமென்றே வௌவால் குடியிருப்பாக மாற்றியும் இருக்கின்றன. வௌவால் தங்குமிடத்தைச் சேதப்படுத்துவது அங்கே குற்றம். ஆகவே வரலாற்றுச் சின்னமாகப் பட்டியலிடப்படாத பில்பாக்ஸுக்கு இன்று கிடைக்கக்கூடிய வலுவான சட்டக் காவல், தலைகீழாகத் தொங்கும் ஒரு வௌவால்தான். சசெக்ஸில் உள்ள பெவன்சி கோட்டையில் 1945-ல் இதைவிடத் தெளிவான முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. ரோமானியர் கட்டி, நார்மானியர் விரிவாக்கிய அந்தக் கோட்டையின் இடிந்த சுவர்களுக்குள் 1940-ல் இயந்திரத் துப்பாக்கி அறைகளைப் பழைய கல் போலவே தோன்றும்படி செருகியிருந்தார்கள். கோட்டை திரும்ப ஒப்படைக்கப்பட்டபோது அவற்றைப் பெயர்த்தெடுத்து ‘அசல்’ கோட்டையை மீட்கலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. அப்படிச் செய்யவில்லை, கோட்டையின் கதையில் அவையும் ஓர் அத்தியாயம் என்று விட்டுவிட்டார்கள். அங்கே துப்பாக்கி அறையும் அது காத்த சுவரும் அது பார்த்த சமவெளியும் இன்றும் சேர்ந்தே இருக்கின்றன.

பிள்ளைகளைப் பார்க்கப் பிரிட்டனுக்குப் போகும் தமிழ் வாசகர்கள் இன்று ஏராளம். கால்வாய்க் கரையில் நடக்கும்போது இப்படியொரு பெட்டி கண்ணில் பட்டால், அதைப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். அதன் பெரிய சுடுதுளை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கவனித்து, அந்தத் திசையில் நூறு அடி நடந்து பாருங்கள். நேர்கோட்டில் ஓடும் ஒரு சிறு பள்ளமோ, வேலிக்குள் புதைந்த கான்கிரீட் கட்டியோ, சாலையில் தார் பூசி அடைத்த சதுரக் குழிகளின் வரிசையோ தென்பட்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு அந்த மாவட்டத்தின் வரலாற்றுச் சூழல் பதிவேட்டுக்கு எழுதி அனுப்புங்கள். பொதுமக்கள் தரும் தகவலை அங்கே ஏற்றுக்கொள்கிறார்கள்.